பின்சீற் அக்காவின் லைசென்ஸ்

கொழும்பில் பொலிஸ்காரருக்குப் பயப்படாத டாக்சி டிரைவர்கள் இருந்திருக்கிறார்கள். மனைவிக்குப் பயப்படாதவர்கள்கூட ஒன்றிரண்டு பேர் இருந்ததாகக் கேள்வி. பின்சீற் அக்காவுக்குப் பயப்படாத டிரைவர் கொட்டாஞ்சேனையில் பிறக்கவும் இல்லை, வெளியிலிருந்து வந்து சேரவும் இல்லை.

தகப்பன் விட்டுப்போன மூன்று மொறிஸ் கார்கள் அக்காவிடம் டாக்சியாக ஓடின. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் அவற்றை யார் ஓட்டலாம் என்று தீர்மானிப்பவர் அவர்தான். அரசாங்கம் தந்த லைசென்சை நீட்டினால் கையில் வாங்கவே மாட்டார்.

“அது காரோட்டக் குடுத்தது. டாக்சியோட்ட நான் குடுக்கணும். ஏறுங்க, பாப்பம்.”

பரீட்சை இதுதான்: அக்கா பின்சீற்றில் பயணியாக ஏறுவார். சும்மா அல்ல, வேடம் போட்டுக்கொண்டு ஏறுவார். காது கேளாத பாட்டியாக ஏறுவார், கூலிக்குப் பேரம் பேசும் மீன் வியாபாரியாக ஏறுவார். பாதையை ஒருதரம்கூடப் பார்க்க மாட்டார். டிரைவரின் பின்கழுத்திலேயே கண் இருக்கும்.

“பசிஞ்சருக்குத் தெரியிறது உங்கட பின்கழுத்து மட்டும்தான். அது பதறினா பின்னால இருக்கிறவங்களும் பதறுவாங்க” என்பார்.

குண்டுகளும் சோதனைச்சாவடிகளுமாகக் கொழும்பு இருந்த காலம் அது. பதறுவதற்கு ஆட்களுக்குப் புதிதாகக் காரணம் தேவைப்படவில்லை.

ஒருமுறை வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு பிரசவ வேதனையில் முனகினாராம். அந்த டிரைவர் நல்ல மனுசன். பள்ளம் மேடு தெரியாமல் ஓட்டி, ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி, இரண்டு தாதிமாரையும் தள்ளுவண்டியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அக்கா வேடத்தைக் கலைக்க மனமில்லாமல் வண்டியில் ஏறிப் படுத்துவிட்டார். பிரசவ அறை வாசலில் தலையணை பிறந்தது. தாதிமார் திட்டிய திட்டை வாங்கிக்கொண்டே, “பாஸ்” என்று அவனிடம் சாவியைக் கொடுத்தாராம்.

இப்படிப்பட்டவரிடம்தான் நான் போய் நின்றேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்தால் என்னை வெல்ல ஆளில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வெங்காய லொறியைக் குண்டும் குழியுமான பாதையில் கொண்டுவந்து, ஒரு வெங்காயம் நசியாமல் கொழும்புப் புறக்கோட்டைச் சந்தையில் இறக்கியவன். என் மனைவி அப்போது ஊரில் தகப்பன் வீட்டில் இருந்தாள். “கையிலை ஒரு தொழில் வரட்டும், பிறகு மகளை அனுப்பிறன்” என்று மாமனார் சொல்லிவிட்டார். ஆக, அந்தச் சாவி கிடைத்தால்தான் எனக்குக் குடும்பம்.

முதல் பரீட்சையில் அக்கா ரயிலைத் தவறவிடப்போகும் பெண். இதைவிட எனக்கு என்ன வேண்டும்? பஸ்களுக்கு நடுவே பாம்புபோல நுழைந்து கோட்டை ஸ்டேசனில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

“எப்படி அக்கா? ரயில் வரமுதல் வந்திட்டம்.”

“நாம வந்திட்டம். என்ட உயிர் இன்னும் ஆமர் வீதியில நிக்குது. ஃபெயில்.”

இரண்டாவதில் அவர் கறுப்புச் சேலை கட்டி, வெள்ளவத்தையில் ஒரு செத்தவீட்டுக்குப் போகிறவர். இந்தமுறை மாட்டுவண்டிபோல ஓட்டினேன். துக்கத்தில் இருப்பவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று என் லொறிக் காலத்துக் கதைகளையும் சொல்லிக்கொண்டு போனேன். வெங்காயக் கதை முடிந்து புகையிலைக் கதை தொடங்கும்போது வெள்ளவத்தை வந்துவிட்டது. அக்கா இறங்கினார்.

“செத்தவர் குடுத்து வச்சவர். உங்கட கதையைக் கேக்காமலே போயிட்டாரு. ஃபெயில்.”

வேறு யாருமாக இருந்தால் ஓடியிருப்பான். நான் அவருடைய ஷெட்டிலேயே கார் கழுவும் வேலைக்கு நின்றேன். மூன்றாம் முறை கேட்காமல் போவதில்லை என்று வைராக்கியம். ஊரில் மாமனார், “காரோட்டப் போன மருமகன் காரைக் குளிப்பாட்டிறாராம்” என்று எல்லோருக்கும் சொல்லிச் சிரித்ததாகக் கேள்விப்பட்டேன்.

ஒருநாள் காலை நான் ஒரு காரைத் துடைத்துக்கொண்டு நிற்க, அக்கா வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்தார். தலை வாரவில்லை. ஒரு காலில் கறுப்புச் செருப்பு, மற்றக் காலில் நீலச் செருப்பு. ஏற்கெனவே பாஸான டிரைவர்கள் இருவர் தங்கள் கார்களோடு அங்கேதான் நின்றார்கள். அவர்களைத் தாண்டி வந்து நான் துடைத்துக்கொண்டிருந்த காரின் பின்சீற்றில் ஏறினார்.

“வெள்ளவத்தைக்கு விடுங்க. என்ட தம்பி தங்கியிருக்கிற இடத்தைச் சுத்தி வளைச்சு ரவுண்டப். பொலிஸ் ஸ்டேசனுக்குக் கொண்டுபோயிட்டாங்களாம்.”

அவருக்குத் தம்பி இருப்பதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. மூன்றாவது பரீட்சை வந்துவிட்டது என்று விளங்கிக்கொண்டேன். என்ன நடிப்பு, என்ன வேடம், செருப்பைக்கூட விடவில்லையே என்று மனதுக்குள் மெச்சினேன். இந்தமுறை வேகமும் இல்லை, கதையும் இல்லை என்று முடிவு. பின்கழுத்தைக் கல்லுப்போல வைத்துக்கொண்டேன்.

காலி வீதிச் சோதனைச்சாவடியில் காரை மெதுவாக்கிக் கண்ணாடியை இறக்கினேன். “நோனாகே மல்லி பலன்ன யனவா, மாத்தயா” என்று, அம்மாவின் தம்பியைப் பார்க்கப் போகிறோம் ஐயா என்பதைச் சிங்களத்தில் அமைதியாகச் சொன்னேன். ஆமிக்காரன் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான். அவனும் ஏமாந்துவிட்டானே என்று எனக்குப் பெருமை.

பொலிஸ் ஸ்டேசனில் சனமோ சனம். தாய்மார் அழுதுகொண்டு நின்றார்கள். ஒரு ஸ்டேசனையே பரீட்சைக்குப் பிடித்திருக்கிறாரே என்று மலைத்துப்போனேன். காவலுக்கு நின்றவரிடம், அக்கா சொல்லித்தந்த தம்பியின் பெயரைப் பணிவாகச் சொல்லி விசாரித்தேன். விசாரணை முடிந்ததும் விடுவார்கள் என்றார். அக்காவை நிழலில் இருத்தி, பிளேன்டீ வாங்கிக் கொடுத்து, ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் நின்றேன். கதைக்காமல் நிற்பது எனக்கு லொறி தள்ளுவதைவிடக் கஷ்டம். ஆனாலும் நின்றேன்.

பின்னேரம் ஒருவர் வெளியே வந்தார். அக்காவின் அதே மூக்கு, அதே நெற்றி. பொருத்தமாக ஆள் பிடித்திருக்கிறார் என்று நினைத்தேன். அக்கா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காரில் ஏறினார். பம்பலப்பிட்டி வரை பொறுத்தேன். அதற்குமேல் முடியவில்லை.

“அக்கா, எல்லாம் பிரமாதம். ஆனா செருப்பு ரெண்டையும் வேற வேறயாப் போட்டதுதான் கொஞ்சம் கூடிப்போச்சு.”

அக்கா குனிந்து தன் கால்களைப் பார்த்தார். அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார் என்பது கண்ணாடியில் அவர் முகத்தைக் கண்டபோது எனக்கு விளங்கியது.

“இவருக்கு என்ன அக்கா?” என்று தம்பி கேட்டார்.

அக்கா சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்து, அது அழுகையாகிப் பிறகு திரும்பவும் சிரிப்பானது. கொள்ளுப்பிட்டி தாண்டித்தான் ஓய்ந்தார்.

“பாஸ். நாளைக்குச் சாவியை எடுங்க.”

“பரீட்சை இல்லையெண்டா எப்படி அக்கா பாஸ்?”

“பயந்து ஓடி வந்தவ நான். ரெண்டு டிரைவர்மார் நிக்கிறாங்க. ஆனா உங்கட கார்லதான ஏறினன். ஏறினதுக்குப் பிறகுதான் எனக்கே தெரியும்.”

ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

அடுத்த மாதம் மனைவி வந்து சேர்ந்தாள். பிறகு நான் வளர்ந்த கதை ஊருக்கே தெரியும். இன்று என் வாகனங்களை நிறுத்த ஒரு தெரு போதாது, டிரைவர்களின் பெயர்கள் எனக்கே நினைவில் நிற்பதில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அக்காவை நானே போய் ஏற்றிக்கொண்டு வருகிறேன். பிள்ளைகள் ஏன் என்று கேட்கிறார்கள். அவரை ஏற்றிச் செல்லத் தகுந்த டிரைவர் ஒருவனும் இன்னும் என்னிடம் வந்து சேரவில்லை.