டுப்புடுப்பார் கட்டிய தொட்டி

சேலத்திலிருந்து நாமக்கல் போகிற சாலையில், பிரம்மாவுக்கு அடுத்தபடியாக ஆளுக்கு ஆள் அளவு பார்த்துப் படைத்தவர் டுப்புடுப்பார் ஒருவர்தான். பிரம்மாவாவது சில சமயம் அவசரத்தில் மூக்கைக் கோணலாக வைத்துவிடுகிறார். டுப்புடுப்பார் கையிலிருந்து ஒரு திருகாணிகூடக் கோணலாக வெளியே போனதில்லை.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. எங்கள் பக்கம் மோட்டார் சைக்கிளுக்கு டுப்புடுப்பு என்று பெயர். அதைக் கட்டுகிறவரையும் மொட்டையாக அப்படியே கூப்பிட எங்கள் ஜனங்களுக்கு வாய் வரவில்லை. மரியாதைக்கு ஓர் 'ஆர்' சேர்த்துவிட்டார்கள். புதுச்சத்திரத்தில் சாலையோரமாக அவருடைய கீற்றுக் கொட்டகை இருந்தது. உலகச் சண்டை முடிந்து, பட்டாளத்துக்காரர்கள் கழித்துப்போட்ட மோட்டார் சைக்கிள்களை ஏலத்தில் எடுத்தவர்களெல்லாம் அங்கேதான் தள்ளிக்கொண்டு வருவார்கள். பச்சைச் சாயமும் சேறுமாக வருகிற வண்டியை அவர் எலும்பு எலும்பாகப் பிரித்துப் போடுவார். பிறகு வண்டிக்காரரை நிறுத்தி வைத்து அளவெடுப்பார்.

தையற்காரர் நாடாவெல்லாம் கிடையாது. தறிக்குப் போடுகிற பாவு நூல்தான். தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு முடிச்சு, இடுப்பிலிருந்து குதிகால் வரை ஒரு முடிச்சு. அந்த முடிச்சுக்குத் தகுந்தபடி சட்டத்தை வெட்டிப் பித்தளை உருக்கி ஒட்டுவார், கைப்பிடியை வளைப்பார். பித்தளைத் தகட்டைப் புளியங்கட்டை மேல் வைத்துத் தட்டித் தட்டி, உங்கள் முழங்கால் வந்து பதிகிற மாதிரி பெட்ரோல் டாங்கியைக் குழித்துக் கொடுப்பார். ராசிபுரத்து நெய் வியாபாரி ஒருவருக்கு வண்டி கட்டிக் கொடுத்தபோது, "ஏனுங்க, இந்தத் தொப்பைக்குத்தானுங்க வண்டி. எளைச்சுப் போட்டீங்கன்னா எங்கிட்ட வரப்படாது," என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த மனிதர் பயந்துபோய் ஏகாதசி விரதத்தையே விட்டுவிட்டார்.

எங்கள் ஊரில் நாய்க்குட்டியைத் துரத்துவதற்குக்கூட ஒரு 'ங்க' போடுவோம். டுப்புடுப்பார் எஞ்சினுக்கும் போடுவார். ஒருநாள் பெரிய உத்தியோகஸ்தர் ஒருவர் தம் வண்டி இருமுகிறதென்று வந்து நின்றார். டுப்புடுப்பார் தலை நிமிரவில்லை. வண்டியிடம், "போதுமுங்க சாமி, சும்மா கத்தாதீங்க. வாயை மூடுங்க. ஆங், இப்பக் கெளம்புங்க," என்றார். உத்தியோகஸ்தர் கிளம்பியே போய்விட்டார். சொன்னது அவரையில்லை, வண்டியை என்று அவருடைய டவாலிச் சேவகன் ஓடிப்போய்ச் சமாதானம் செய்து அழைத்து வருவதற்குள் அவர் வேர்த்து விறுவிறுத்துப் பாதி சாலை நடந்துவிட்டார்.

இனி என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

நான் ராசிபுரத்தில் நூல் வியாபாரம் செய்தவன். கொண்டப்பநாயக்கன்பட்டியில் பெண் எடுத்த மூத்த மாப்பிள்ளை. என் மச்சினியைக் கட்டியவன் எடப்பாடிக்காரன். சகலைதான், ஆனால் வயதில் எனக்கு இளையவன். கல்யாணமான மறுவருஷமே ஒரு பிள்ளை பெற்றான். அப்புறம் இன்னொன்று. எங்களுக்கோ எத்தனையோ ஆடி வந்து போயும் ஒன்றுமில்லை. அதையாவது ஆண்டவன் பார்த்துச் செய்வது என்று விட்டுவிடலாம். ஓர் ஆடிப் பண்டிகைக்கு அவன் டுப்புடுப்பார் கட்டிய வண்டியில், பித்தளை டாங்கி பளபளக்க, முன்னால் இரண்டு விளக்கு, வண்டியோடு பக்கத்தில் மாட்டிய பெட்டியில் பெண்டாட்டி பிள்ளைகள் என்று மாமனார் வாசலில் வந்து இறங்கினான் பாருங்கள், அதைத்தான் என்னால் விட முடியவில்லை.

நான் அன்றைக்குக் கரிப் புகையில் ஓடுகிற பஸ்ஸில் வந்திருந்தேன். பெட்ரோல் தட்டுப்பாட்டுக் காலம், பஸ்ஸின் முதுகில் அடுப்பைக் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சகலைக்கு மட்டும் பெட்ரோல் கூப்பன் எப்படிக் கிடைத்தது என்பது தனி எரிச்சல்.

"வாங்கண்ணா! கரி பஸ்லயா வந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வந்து கூட்டிட்டு வந்திருப்பனுங்களே," என்றான். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னான். அதனால் இன்னும் எரிந்தது.

மாமனார் முதல் சொம்புத் தண்ணீரை அவனிடம் நீட்டினார். மூத்த மாப்பிள்ளை நான் முகமெல்லாம் கரியோடு நிற்கிறேன், சொம்பு என்னைத் தாண்டிப் போகிறது! அன்று விருந்தில் ஒரு வாய் இறங்கவில்லை. என் மனைவி பழனியம்மாள் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, பாயசம் புளிக்குதுங்களா?" என்றாள். அடுத்த ஆடிக்கு இதே வாசலில் அவனுடைய வண்டி என் வண்டிக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்று அந்த இலைக்கு முன்னாலேயே முடிவு செய்தேன்.

ஏலத்தில் ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு புதுச்சத்திரம் போனேன். இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் பூட்டுகிற பெட்டியை ராசிபுரத்தில் நாங்கள் 'தொட்டி' என்போம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற தொட்டி மாதிரி இருக்கும். டுப்புடுப்பார் பட்டறையில் அதற்கு 'கூண்டு' என்று பெயராம். எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் ஜனங்கள் தொட்டில் என்ற வார்த்தையின் வாலை விழுங்கிவிடுவார்கள், பிள்ளையைப் போட்டு ஆட்டுவதும் பேச்சில் தொட்டிதான், என்பது எனக்கு நன்றாகவே தெரியும். வயிறு எரிகிறவனுக்கு அதெல்லாமா ஞாபகம் வரும்?

"வண்டியோட ஒரு தொட்டி வேணுமுங்க," என்றேன்.

டுப்புடுப்பார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கண் கலங்கின மாதிரி இருந்தது. துருத்திப் புகை என்று நினைத்தேன்.

"பேஷா கட்டிருவமுங்க சாமி. எப்ப வேணுமுங்க?"

"வர்ற ஆடிக்கு. ஊரே நின்னு பாக்கோணும். நீங்க வண்டி கட்டிக் குடுத்தீங்களே எடப்பாடிக்காரன், என்ர சகலை, அவன் வாயடைச்சுப் போகோணும்."

"அவருக்குத்தான் ரெண்டு இருக்குதுங்களே. உங்களுக்கு ஒண்ணாச்சும் வேண்டாமுங்களா," என்றார். விளக்கைச் சொல்கிறார் போலிருக்கிறது என்று தலையை ஆட்டினேன்.

என்னை அளந்து முடித்த பிறகு, இன்னொரு நூலைக் கொடுத்து, "அம்மணி கை நீளம் ஒண்ணு வேணுமுங்க," என்றார். பழனியம்மாள் பிடித்துக்கொள்ளக் கம்பி வைப்பாராக்கும் என்று நினைத்து அளந்து கொண்டுவந்து கொடுத்தேன். அவருடைய பட்டறையிலேயே பழைய வண்டி ஒன்றில் விழுந்து எழுந்து ஓட்டவும் கற்றுக்கொண்டேன். என் வண்டியை மட்டும் கண்ணில் காட்ட மறுத்துவிட்டார்.

பண்டிகை அன்று காலையில் அவரே ஓட்டிக்கொண்டு ராசிபுரம் வந்தார். வண்டியைப் பார்த்தேன். சகலையின் வண்டி இதற்கு முன்னால் வெறும் தகர டப்பா. ஏறி உட்கார்ந்தால் வண்டி என் உடம்பிலேயே முளைத்த மாதிரி இருந்தது. அப்புறம் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். ஒரு சக்கரம், அதன் மேல் வளைந்த இரண்டு குழாய், அவற்றிலிருந்து சுருள் கம்பியில் தொங்கிக்கொண்டு ஒரு தொட்டில். சாட்சாத் தொட்டில். கிலுகிலுப்பை மாட்ட ஒரு கொக்கி வேறு.

"என்னங்க இது?"

"தொட்டிங்க."

"நான் கேட்டது உக்கார்ற தொட்டிங்க!"

"உக்கார்ற வயசு வந்தா அதையும் பண்ணிக்கலாமுங்க. மொதல்ல படுக்கட்டும்," என்றார் டுப்புடுப்பார். "ஒரு சொம்புப் பாலை வெச்சு நாமக்கல் வரைக்கும் ஓட்டிப் பாத்தனுங்க. ஒரு சொட்டுச் சிந்தலை. அம்மணி பின்னால உக்காந்துட்டே கையை நீட்டி ஆட்டலாமுங்க. அளவு பாத்துத்தான் வெச்சிருக்குது."

பிள்ளையில்லாதவன் காலித் தொட்டிலைக் கட்டிக்கொண்டு மாமனார் ஊருக்குப் போவதா? சகலை சிரிக்கப் போகிற சிரிப்பு எனக்கு ராசிபுரத்திலேயே கேட்டது.

"கழட்டுங்க," என்று கத்தினேன்.

"கழட்டுனா வண்டி சாஞ்சு போயிருமுங்க. ரெண்டையும் ஒண்ணா நெனச்சுக் கட்டினதுங்க."

அதற்குள் பட்டுச் சேலையோடு பழனியம்மாள் வெளியே வந்தாள். தொட்டிலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு மஞ்சள் துணியைக் கொண்டுவந்து அதில் விரித்தாள். தேங்காய் பழத் தட்டை அதன் மேல் வைத்தாள். பின்னால் ஏறி உட்கார்ந்து, தொட்டிலின் விளிம்பில் கையை வைத்துப் பார்த்தாள். சரியாக எட்டியது.

"நேரமாச்சுங்க, எடுங்க," என்றாள். நான் எடுத்துவிட்டேன்.

பிள்ளை வேண்டுகிறவர்கள் கோயில் மரத்தில் சின்னத் தொட்டில் கட்டுவது வழக்கம். கொண்டப்பநாயக்கன்பட்டிக்குள் நுழையும்வரை எனக்கு அந்த நினைப்பே இல்லை. தெருமுனையில் ஒரு கிழவி எங்களைப் பார்த்தாள்.

"அடி ஆத்தா! மோட்டார்லயே தொட்டி கட்டி வேண்டுதலைக் கொண்டாறாங்க பாருங்கடி!"

அவ்வளவுதான். குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. பம்பைக்காரர்கள் சாமியை விட்டுவிட்டு எங்களுக்கு முன்னால் வந்து அடித்தார்கள். கைப்பிடியில் வேப்பிலை கட்டினார்கள், டாங்கிக்குப் பொட்டு வைத்தார்கள். மாமனார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடிவந்து, "மாப்பிள்ளே, உங்க மனசுல இத்தனை ஏக்கமுங்களா!" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். முதல் சொம்புத் தண்ணீர் எனக்குத்தான். குடிக்க இல்லை, மஞ்சள் கலந்து தலையில் ஊற்றினார்கள். கோயில் வாசலில் நின்ற ஒரு வண்டியைக் காட்டி யாரோ, "தம்பி, உன்ர வண்டிய அக்கட்டால எடு, தொட்டி வண்டி வருது," என்று அதட்டினார்கள். அது சகலையின் வண்டி.

அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, சுருள் கம்பியைத் தடவித் தடவிப் பார்த்தான்.

"எனக்கு இப்படி ஒண்ணு கட்டித் தரலையேண்ணா," என்றான்.

"உனக்குத்தான் ரெண்டு இருக்குதே, உனக்கெதுக்கு வேண்டுதல்?"

"வேண்டுதலுக்கு ஆருங்க கேட்டா? வண்டிக்குங்க!"

அவன் கண்ணில் அசல் பொறாமை தெரிந்தது. அன்றைக்கு நான் மூன்று தரம் பாயசம் வாங்கிக் குடித்தேன்.

மறு ஆடி வருவதற்குள் எங்களுக்கு ஒரு பெண் பிறந்தது. அம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள், நியாயம். அடுத்தபடியாக வெற்றிலைத் தட்டோடு எல்லோரும் புதுச்சத்திரத்துக்குப் போய், "உங்க கைராசிங்க" என்று டுப்புடுப்பாரைக் கும்பிட்டார்கள். பெற்றவள் பழனியம்மாள். நானும் ஏதோ கொஞ்சம் சம்பந்தப்பட்டவன்தான். என்னை ஒருவரும் சீந்தவில்லை.

எங்கள் மகள் தரையில் தூங்க மாட்டாள், தூளியில் தூங்க மாட்டாள். "ஏனுங்க, புள்ள தூங்க மாட்டீங்குது, புதுச்சத்திரம் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வரலாமுங்க," என்பாள் பழனியம்மாள். எங்கள் வண்டிச் சத்தம் கேட்டதும் டுப்புடுப்பார் சுத்தியலைக் கீழே வைத்துவிடுவார். பெரிய உத்தியோகஸ்தருக்கே தலை நிமிராத மனிதர், தொட்டிலுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, "வாங்க சாமி, வந்தீங்களா?" என்று கிசுகிசுப்பார். நான் தூக்கினால் வீறிடுகிற பெண், அவருடைய கரிக்கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அதற்கும் எரிந்தேன்.

அந்த வண்டியைச் சாலையில் பார்த்து மயங்கிய கோயமுத்தூர் மில்காரர் ஒருவர் கொட்டகைக்கே வந்து, தம் மில் பட்டறைக்கு டுப்புடுப்பாரை அழைத்துப்போய்விட்டார். கிளம்புகிற அன்று டுப்புடுப்பார் எங்கள் வீட்டுக்கு வந்தார். மகளைத் தூக்கி வைத்துக்கொண்டார். "போயிட்டு வாரனுங்க" என்றார். நான் சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சகலையோடு இப்போது நான் ராசி. அவன் கார் வாங்கியபோதுகூட எனக்கு வயிறு எரியவில்லை. இருக்கிற பொறாமையெல்லாம் கோயமுத்தூர் மேல்தான். அத்தனை பெரிய ஊர், எத்தனையோ பட்டறை, எத்தனையோ ஆட்கள். எங்களுக்கு இருந்தது அவர் ஒருத்தர்.