கட்டைவிரலுக்கு அடியில் திங்கட்கிழமை

மேககுரு வருகிறார் என்றதும் ஆஸ்பத்திரி அலுவலகமே நான்காம் மாடியில் கூடிவிட்டது. கணக்குப் பிரிவு முழுசாக ஆஜர். பார்க்க வேண்டிய நோயாளிகளை விட்டுவிட்டு டாக்டர் ஒருவரும் வந்திருந்தார். ஞானதிருஷ்டி தினமுமா கிடைக்கிறது?

திங்கட்கிழமையிலிருந்து அந்த மாடியில் நெட்வொர்க் படுத்துவிட்டது. ரத்தப் பரிசோதனை முடிவுகள் வார்டுக்குப் போய்ச் சேரவில்லை. மாடியின் கேபிள்களெல்லாம் சுவிட்ச் என்கிற ஒரு பெட்டியில்தான் வந்து கூடுகின்றன. அதற்கு என்ன கோளாறு என்று அறிய இரண்டு வழி. பக்கத்தில் போய் லேப்டாப்பைச் செருகி அதனிடமே கேட்கலாம். அந்தக் கேள்வி வாசலுக்கு லோக்கல் ஏபிஐ என்று பெயர். அல்லது, சுவிட்ச் அவ்வப்போது தகவல் அனுப்பிவைக்கும், எங்கோ இருக்கும் கம்ப்யூட்டரிடம் விசாரிக்கலாம். அது கிளவுட் ஏபிஐ, அதாவது மேகத்தின் வாசல். நெட்வொர்க் இன்ஜினியரம்மா முதல் வழியைச் சொன்னார். நிர்வாகி இரண்டாவதை விலைக்கு வாங்கினார். கூடவே குருவும் வந்தார்.

குரு தன் போனை உயர்த்திக் காட்டினார். திரையில் பச்சை விளக்கு.

"சுவிட்ச் நூத்துக்கு நூறு நல்லா இருக்கு. பார்த்துக்கிறவங்க கைராசிதான் சரியில்லை."

கூட்டம் 'உச்' கொட்டியது.

"கேட்டீங்களாம்மா? நாளையிலிருந்து நீங்க வர வேண்டாம்" என்றார் நிர்வாகி.

இன்ஜினியரம்மாவின் முகம் சிவந்தது. அவர் சம்பளத்தில்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிகிறது. அழுகை முட்டியது, கோபம் அதை முந்திக்கொண்டது. நேரே போய் சுவிட்சின் கரண்ட் பிளக்கைப் பிடுங்கினார். பெட்டி இருண்டது.

"இப்பக் கேளுங்க சார், எப்படி இருக்குன்னு."

குரு நெளிந்தார். "இப்ப நேரம் சரியில்லைங்க..."

"அட, கேளுங்க!" என்று டாக்டரே எட்டி போன் திரையை அழுத்தினார். பச்சை. நூற்றுக்கு நூறு!

"செத்துக் கிடக்குது, நல்லா இருக்குங்குதே?" என்றார் டாக்டர்.

"அது... அதோட ஆத்மாவைப் பார்க்குதுங்க."

டாக்டர் போனைப் பிடுங்கினார். இவ்வளவு நேரம் குருவின் கட்டைவிரல் மறைத்திருந்த இடத்தில் ஒரு வரி: 'கடைசியாகத் தகவல் வந்தது: திங்கட்கிழமை.'

"கிளவுட் பாவம், அது ஒளிக்கலை" என்றார் இன்ஜினியரம்மா. "லைன் நல்லா இருந்தா அதுவும் உதவும். லைனே போனப்புறம் இங்க நடக்கிறது அதுக்கு எப்படித் தெரியும்? பழைய பதிலையே சொல்லுது. இவரு அதுக்கு ராசி பார்க்கிறாரு."

பிளக்கைத் திரும்பச் செருகி, லேப்டாப்பை இணைத்து, சுவிட்சிடமே கேட்டார். பதில் உடனே வந்தது.

"ஒரே கேபிளோட ரெண்டு முனையும் இந்தப் பெட்டியிலேயே இருக்கு. அனுப்பின தகவலே சுத்திச் சுத்தி வந்து வழியை அடைக்குது. யார் சொருகினது?"

நிர்வாகி தொண்டையைக் கனைத்தார். "ஒரு முனை சும்மா தொங்கிட்டிருந்துச்சு. பார்க்க அசிங்கமா இருக்கேன்னு... நான்தான்."

ஒரு முனையை உருவியதும் வார்டில் பிரிண்டர் முழித்துக்கொண்டது. தேங்கிக் கிடந்த முடிவுகள் வரிசையாக வந்து விழுந்தன.

"நாளைக்கு வந்துடுங்கம்மா" என்றார் நிர்வாகி, தரையைப் பார்த்தபடி.

"வரேன் சார். நீங்க கேபிளைத் தொடாம இருந்தா சரி."

குரு அதற்குள் படிக்கட்டில் பாதி இறங்கியிருந்தார். பின்னாலேயே கணக்குப் பிரிவுக்காரர் ஒருவர் மூச்சிரைக்க ஓடினார்: "குருவே, எங்க வீட்டு வைஃபைக்கு ஒரு வழி சொல்லிட்டுப் போங்க!"

பிளக்கைப் பிடுங்கிப் பார்க்க ஒரு கை போதும். கும்பிடத்தான் இரண்டும் வேண்டியிருக்கிறது. உங்கள் கைகள் எந்த வேலையில் இருக்கின்றன என்று ஒருமுறை குனிந்து பாருங்கள்.