இருளப்பன் ருசி பார்த்த படம்

இரண்டாவது ரீலிலேயே பையன் அப்பனை எதிர்த்துப் பேசிவிட்டு வீட்டைவிட்டு வெளியேறினான். இருளப்பனுக்கு அந்தக் குளிரிலும் வேர்த்துக் கொட்டியது. படத்தில் இப்படியொரு பையன் இருப்பதே அவனுக்கு இப்போதுதான் தெரியும்.

தேயிலைத் தோட்டத்து மண்டபத்தில் வருசத்துக்கு ஒரு படம் போடுவார்கள். அது தேறுமா தேறாதா என்று முன்கூட்டிச் சொல்வது இருளப்பன் பொறுப்பு. ஃபேக்டரியில் தேயிலைச் சாயத்தை ஒரு வாய் உறிஞ்சித் துப்பி, எத்தனையாம் தரம் என்று சொல்கிறவன் அல்லவா? மத்தியானம் படக்காரன் டொனால்ட் ஒரே ஒரு ரீலை ஃபேக்டரிச் சுவரில் ஓட்டிக் காட்டினான். மீசை வைத்த மாப்பிள்ளை, கல்யாணப் பந்தல், ஒரே சிரிப்பு. முதல் தரம் என்று சொல்லிவிட்டு இருளப்பன் எழுந்து போய்விட்டான். முழுசும் பார்ப்பதற்கு அவன் என்ன, தேயிலைத் தண்ணியைக் குடம் குடமாகவா குடிக்கிறான்?

அதோடு விட்டானா, அக்கா மணியம்மாவையும் இழுத்துவந்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தான். அவள் மகன் சுப்பன், பதினாறு வயசு, அப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு போய் மூன்று மாசம் ஆகிறது. கம்போங் ராஜா என்கிற ஊர்ப் பக்கம் காய்கறித் தோட்டத்தில் இருப்பதாகக் கேள்வி. அன்றிலிருந்து அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. சிரிப்புப் படம், மனசு லேசாகும் என்று அவளைக் கிளப்பியவன் இந்த மகராசன்தான்.

டொனால்டிடம் ஓடி, அடுத்த ரீலைத் தாண்டிப் போடச் சொன்னான். தாண்டினால் பையன் ஜெயிலில் உட்கார்ந்திருக்கிறான். எதற்கு, ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. பெத்தவனே பிடித்துக் கொடுத்துவிட்டான் என்று மணியம்மா தானாக முடிவுகட்டி விசும்பத் தொடங்கினாள். வசனம் கேட்டால்தானே அழுகை என்று இருளப்பன் சத்தத்தைக் குறைக்கச் சொன்னான். இப்போது அக்காவின் அழுகை மண்டபம் முழுக்கக் கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேலாயியும் தங்கம்மாவும் சேர்ந்துகொண்டார்கள்.

திரையில் பையன் மழையில் தனியாக ஆற்றங்கரைக்கு வந்து நின்றான். என்ன நடக்கப்போகிறது என்று கைக்குழந்தைக்கும் தெரிந்துவிட்டது.

"நிறுத்து. கடைசி ரீல் வேணாம். மத்தியானம் நான் பாத்ததப் போடு."

"அண்ணே, அது வந்து..."

"பேசாம போடுலா."

பந்தல் வந்தது, மேளம் வந்தது, மீசைக்காரன் மாலையோடு நின்றான். மண்டபம் ஒரு நிமிசம் முழித்தது. மணியம்மாதான் முதலில் எழுந்தாள்.

"பொழச்சுக்கிட்டான். பாருங்கடி, மீசையெல்லாம் வச்சு மாப்பிள்ளையா நிக்கிறான்."

ஆமாம், அவனேதான், அதே மூக்கு என்றாள் தங்கம்மா. மண்டபமே கைதட்டியது.

படம் விட்டதும் அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு தம்பியிடம் வந்தாள். "பசிக்குதுடா. காலையில லோரி ஏறி கம்போங் ராஜா போலாம். நானே போயிக் கூப்பிட்டா சுப்பன் வருவான்." இருளப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உயிரோடு கொஞ்சம் தலைக்கனமும் வந்துவிட, பெட்டி கட்டிக்கொண்டிருந்த டொனால்டிடம் போய் நின்றான்.

"பாத்தியா, ஒரு வாயிலயே தரம் சொன்னேன்ல?"

டொனால்ட் குனிந்தபடியே கயிற்றை இறுக்கினான். "அண்ணே, அந்தக் கல்யாண ரீலு இந்தப் படமே இல்ல. தரம் பாக்க வர்றவங்களுக்குக் காட்டுறதுக்குன்னே தனியா வச்சிருக்கேன். போன வருசமும் நீங்க இதத்தான் பாத்து முதல் தரம்னீங்க."