துளையில்லாத சைக்கிள்

என் ஸ்கூட்டர் செத்துப்போன அன்று நான் அழவில்லை. சிங்கப்பூரில் வண்டிக்குத் தரும் பத்து வருட உரிமம் முடிந்து அதை உடைக்க லாரியில் ஏற்றியபோது மூக்கைச் சிந்தியது என் மனைவி சல்பியாதான். நான் மனசுக்குள் ஊருக்கே விருந்து வைத்துக்கொண்டிருந்தேன்.

காரணம் உண்டு. சல்பியா வீட்டிலேயே கூயே என்கிற மலாய்ப் பலகாரங்கள் செய்து விற்கிறாள். அதிலும் அவளுடைய தெப்போங் பெலித்தா இருக்கிறதே, எங்கள் தெம்பனிஸ் வட்டாரம் முழுக்க அதற்கு அடிமை. பாண்டான் இலைக் கிண்ணத்தில் கீழே பச்சை மாவு, மேலே வெள்ளைத் தேங்காய்ப்பால். மூச்சு விட்டால்கூட நடுங்கும். அதைச் சாங்கி வணிகப் பூங்கா அலுவலகங்களுக்கு யார் கொண்டுபோவது? அங்கேயே வேலை பார்க்கிற நான்தான். என் மேசையில் 'ஜம்ரி, கணக்கு மேலாளர்' என்று பலகை இருக்கிறது. அதை யாரும் படித்ததில்லை. வாசல் காவலாளியிலிருந்து இயக்குநர் வரை எல்லோருக்கும் நான் 'கூயே அபாங்', பலகார அண்ணன்தான். (எங்கள் மலாயில் அண்ணனும் அபாங், கணவனும் அபாங்.) ஒருநாள் காலாண்டுக் கணக்கைத் திரையில் விளக்கிக்கொண்டிருந்தேன். இயக்குநர் கையைத் தூக்கினார். ஆகா, ஒருவராவது கவனிக்கிறாரே என்று பூரித்துப்போனேன்.

"ஜம்ரி, வெள்ளிக்கிழமைக்கு ஒண்டே-ஒண்டே கூயே கிடைக்குமா?" என்றார்.

ஸ்கூட்டர் போன அன்றே சபதம் எடுத்தேன். இனி சைக்கிள். அதுவும் ஒரு வெங்காயம் வைக்கக்கூட இடமில்லாத சைக்கிள்.

"சயாங், என் கண்ணு, நான் சைக்கிள் வாங்கப் போறேன். ஆபீஸ் போன மாதிரியும் ஆச்சு, உடம்பைப் பாத்துக்கிட்ட மாதிரியும் ஆச்சு."

சல்பியா என் வயிற்றைப் பார்த்தாள். "உடம்பை நீங்க எங்க பாக்கறது அபாங்? குனிஞ்சா வயிறுதானே தெரியும்?"

"அதுக்குத்தான் சைக்கிள்."

"அப்ப என் கூயே?"

முகத்தை இழவு வீட்டுக்குப் போகிறவன்போல் வைத்துக்கொண்டேன். "அதை நெனச்சாத்தான் எனக்கு ராத்திரி தூக்கமே வரல."

"குறட்டை விட்டீங்களே?"

"அது கவலைக் குறட்டை."

"சரி விடுங்க. உங்க உடம்பைவிடக் கூயே முக்கியமா? கடைக்கு நானும் வர்றேன்."

இருபது வருடத்தில் அவள் எதையும் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதில்லை. புத்தியுள்ளவன் அப்போதே பயந்திருப்பான். நான் சீட்டியடித்தேன்.

சைக்கிள் கடைக்காரர் பூன் தெக் வியாபாரத்தைவிட வியாக்கியானத்தில் ஆர்வமுள்ளவர். "பாஸ், ஆபீசுக்கும் உடற்பயிற்சிக்கும்னா இதை எடுங்க. ரேஸ் சைக்கிள் மாதிரி லேசு, வேகம். ஆனா கைப்பிடி நேரா இருக்கும். டிஸ்க் பிரேக், மழையிலும் நிக்கும். முக்கியமா இங்க பாருங்க," என்று பின்சக்கரத்தருகே விரலை வைத்தார். "திருகுத் துளை. கேரியர் மாட்டலாம், ரெண்டு பக்கமும் பை தொங்க விடலாம்..."

எனக்கு வியர்த்தது. சல்பியாவின் காதில் விழுந்துவிட்டதா? அவள் சைக்கிள் மணிகளை ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துளை இல்லாதது வேணும்," என்று கிசுகிசுத்தேன்.

"எல்லாரும் துளை இருக்கான்னுதான் கேப்பாங்க. ஆபீசுக்குப் போறவர் நீங்க..."

"ஒரு துளைகூட இருக்கக் கூடாது. எறும்பு நுழையக்கூட!"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஆட்டுக்கொம்புபோல் கைப்பிடி வளைந்த ரேஸ் சைக்கிளைக் கொண்டுவந்தார். டயரைத் தலைமுடி என்றே சொல்லலாம், அவ்வளவு மெல்லிசு. துளை? தேடினாலும் கிடைக்காது. எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

"ஓட்டிப் பாருங்க," என்று சல்பியா அருகில் வந்தாள். தன் முதுகுப்பையைக் கழற்றி என் தோளில் மாட்டினாள். "ஆபீஸ் போறப்ப லேப்டாப் இருக்குமில்ல? பாரத்தோட பழகுங்க."

எவ்வளவு அக்கறை! இறால் மாதிரி வளைந்து கடையை ஒரு சுற்று சுற்றி வந்தேன். அவள் பையை வாங்கி, கொஞ்சம் திறந்து எட்டிப் பார்த்து, சட்டென்று மூடினாள்.

"இது வேணாம் அபாங். ரொம்பக் குனியறீங்க. உங்க இடுப்பு என்னாகும்?"

"துளை இல்லாததுல நேர்க் கைப்பிடி வெச்சது இருக்கா?" என்று பூன் தெக்கிடம் கேட்டேன். இருந்தது. கறுப்பு. அழகு. மறுபடி பை, மறுபடி சுற்று. நிமிர்ந்து உட்கார்ந்து ராஜாபோல் வந்தேன்.

சல்பியா பைக்குள் பார்த்தாள். "இது பரவாயில்ல. டயர் மட்டும் இன்னும் கொஞ்சம் தடிப்பா போட முடியுமா? ரோட்டுல குலுங்கினா இவருக்கு ஆகாது."

"முடியும், அக்கா. தடிச்ச டயர் சொகுசா இருக்கும்."

டயர் மாற்றி மூன்றாவது சுற்று. இம்முறை அவள் முகம் மலர்ந்தது. பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, பூன் தெக்குக்கு இரண்டு பெலித்தா கொடுத்தாள். கடைக்காரருக்குப் பலகாரம் கொண்டுவரத் தோன்றியதே, என்ன மனசு இவளுக்கு என்று நெகிழ்ந்துபோனேன். கைப்பிடியும் டயரும் அவள் இஷ்டப்படி. துளை என் இஷ்டப்படி. இருபது வருடத்தில் முதல் வெற்றி. வீடு வரும் வழியில் அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை. இறுக்கமான சட்டை, தலைக்கவசம், கறுப்புக் கண்ணாடி. நிலைக்கண்ணாடியில் பார்த்து என்னை நானே மன்னித்துக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் சதுரமாக ஒரு பெட்டிப் பை நின்றது. சாப்பாடு கொண்டுபோகிறவர்கள் முதுகில் சுமப்பார்களே, அதேதான். வெளிப்பக்கத்தில் 'சல்பியா கூயே' என்று கொட்டை எழுத்து. கீழே தொலைபேசி எண்.

"இது... யாருக்கு?"

"திரும்புங்க."

"சல்பி, இந்த சைக்கிள்ல ஒண்ணும் மாட்ட முடியாது! துளையே கிடையாது!"

"தெரியுமே. கேரியர்ல வெச்சா சக்கரம் ஏறி இறங்கறப்பல்லாம் பெலித்தா குலுங்கும். பாதி பாதியாப் போயிடும். ஸ்கூட்டர்ல எவ்வளவு வீணாச்சு!" என்று வாரை இழுத்து மாட்டினாள். "முதுகுன்னா ஆடாது. ஆனா கடையில பாத்தேனே, வளைஞ்ச கைப்பிடியில டப்பா சரிஞ்சு போச்சு. மெல்லிசு டயர்ல பால் சிந்திடுச்சு. மூணாவதுலதான் சொட்டுகூட அசையல."

நான் இன்னொரு வாரை நானே மாட்டிக்கொண்டேன்.

"நான் கவலைப்பட்டுக்கிட்டே இருந்தேன் அபாங், நீங்க எங்க துளை வெச்ச சைக்கிளா வாங்கிடுவீங்களோன்னு." கன்னத்தைத் தட்டினாள். "வயித்தை உள்ள இழுங்க. நேரா உக்காருங்க. வழியில குனிஞ்சீங்கன்னா எனக்கு டப்பாவிலேயே தெரிஞ்சிடும்."

அலுவலக வாசலில் காவலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "கூயே அபாங்! புது சைக்கிளா? பிரமாதம். கேரியர் எங்கே?"

"நான்தான்," என்றேன்.