சேவலின் கழுத்தில் ஒரு குடை

நான் கை வைத்த சாமான் உருப்படாது என்று என் மாமியார் வீட்டில் ஒரு நம்பிக்கை உண்டு. நம்பிக்கை என்று சொல்வதுகூடத் தப்பு, அனுபவம். கல்யாணமான புதிதில், மந்தைவெளியில் அவர்கள் வீட்டுச் சுவரில் காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடித்தேன். உள்ளே தண்ணீர்க் குழாய் போகிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. (நான் வருகிறேன் என்று குழாய்க்காவது யாராவது சொல்லியிருக்கலாம்.) அன்றிலிருந்து அந்த வீட்டில் பல்பு மாற்றுவதென்றால்கூட என்னை உட்கார வைத்துக் கையில் காபியைக் கொடுத்துவிடுவார்கள்.

இந்தக் கெட்ட பெயரைத் துடைக்கத்தான் அந்த ஆடிக் கிருத்திகைக்கு முன் வாயைக் கொடுத்தேன். மாமியார் ஒரு பஜனை கோஷ்டிக்குத் தலைவி. பதினோரு மாமிகள், ஓர் ஆர்மோனியம், தள்ளுவண்டியில் மாலை போட்ட முருகன் படம். கிருத்திகையன்று மயிலாப்பூர்த் தெருக்களில் பாடிக்கொண்டே சுற்றி வருவார்கள். வண்டியின் முன்னால் கட்டும் துணிச் சேவற்கொடி நைந்து நாராகியிருந்தது.

"மரத்துலயே கொடி பண்ணித் தரேன்" என்றேன். "துணி காத்துல ஆடற மாதிரி அலை அலையா, நடுவுல சேவல். பாத்தா நூறு வருஷப் பழசு மாதிரி இருக்கும். கம்ப்யூட்டர்ல வரைஞ்சு குடுத்தா மெஷினே செதுக்கிடும்."

"பழசாத் தெரியறதுக்கு எதுக்கு மாப்பிள்ளை புது மெஷின்?" என்றார் மாமியார். ஆனாலும் தன் கல்யாணத்துக்கு வாங்கிய தேக்குக் கட்டிலின் தலைமாட்டுப் பலகையைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னார். கீறலும் ஆணித்துளையுமாக அருமையான பலகை. "இது ஒண்ணுதான் இருக்கு. பாத்துப் பண்ணுங்கோ." அந்த வீட்டில் முதல்முறையாக என்னை நம்பி ஒரு பொருளைக் கொடுக்கிறார்கள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

மூன்று வாரம் கம்ப்யூட்டரில் சேவல் வரைந்தேன். பிறகு பலகையோடு வேளச்சேரிக்குப் போனேன். அங்கே செல்வி என்பவருடைய பட்டறையில், யார் வேண்டுமானாலும் வந்து சி.என்.சி. மெஷினில் தாங்களே செதுக்கிக்கொள்ளலாம். கட்டில் அகலத்துக்கு ஒரு மேசை, அதன்மேல் முன்னும் பின்னும் ஓடும் ஒரு தலை, அதில் சுழலும் உளி. செல்வி என் பலகையை மேசையில் கிடத்தி, அது அசையாமல் இருக்க நாலு பக்கமும் அதே உயரத்துக்கு உடைந்த பார்சல் பெட்டிப் பலகைகளை நெருக்கித் திருகினார்.

"இங்க பாரு சார். ஆன் பண்ணா மெஷினு மொதல்ல அந்த மூலைக்குப் போவும். அங்க சின்னதா ஒரு கண்ணு கீது. அந்தக் கண்ண மறைச்சா, வூட்டுக்கு வந்துட்டோம்னு அதுக்குத் தெரியும். அங்கேர்ந்துதான் எல்லாத்தையும் அளந்துக்கினு வரும். புரிதா?"

தலையாட்டினேன். (நான் தலையாட்டுவதற்கும் கேட்பதற்கும் சம்பந்தமில்லை என்று என் மனைவி பலமுறை சொல்லியிருக்கிறாள்.) ஓரத்தில் ஒரு கழிவுப் பலகையை வைத்து ஒரு முறை ஓட்டிக் காட்டினார். சரியாக வந்தது. பிறகு அவர் அடுத்த ஷெட்டுக்குக் கதவு வேலை பார்க்கப் போய்விட்டார்.

முருகன் காரியம், வெறுமனே ஆரம்பிக்கலாமா? மெஷினை நிறுத்திவிட்டு, பையிலிருந்து சந்தனத்தையும் குங்குமத்தையும் எடுத்தேன். மோட்டாருக்கு ஒரு பொட்டு. சட்டத்துக்கு ஒரு பொட்டு. மூலையில் கறுப்பாக, வட்டமாக, பொட்டுக்கென்றே செய்து வைத்ததுபோல ஒரு சின்னக் குமிழ் இருந்தது. அதற்குக் கொஞ்சம் தாராளமாகவே அப்பினேன். பிறகு மாமியாருக்கு வீடியோ கால் போட்டு, போனைச் சாய்த்து வைத்தேன். திரை முழுக்கப் பதினோரு மாமிகள்.

ஆன் செய்தேன். மூலைக்குப் போகவேண்டிய மெஷின், அதற்கு ஒரு சாண் தள்ளி நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. 'தயார்' என்றது. சந்தனத்தின் மகிமை, நேரம் மிச்சம் என்று நினைத்துப் பொத்தானை அழுத்தினேன்.

அடுத்த அரைமணி நேரத்தை நான் மறக்கமாட்டேன். உளி மரத்தில் இறங்கியதும் தேக்கு வாசனை எழும்பியது. முதலில் அலைகள். மரம் நிஜமாகவே காற்றில் ஆடுவதுபோலச் சுருண்டது. பிறகு வால். ஒவ்வொரு இறகாக, நான் வரைந்ததைவிட அழகாக, மரத்துக்குள்ளிருந்து யாரோ எழுப்பி அனுப்புவதுபோல வந்தது. இடது பக்கம் ஒரு சாண் வெறுமையாக இருந்தது. கொடிக்கம்பத்துக்கு மெஷினே இடம் விட்டிருக்கிறது என்று நினைத்து மலைத்துப்போனேன். போனில் "முருகா! முருகா!" என்று மாமிகள் உருகினார்கள். நான் கைகூப்பி நின்றேன்.

உடம்பு வந்தது. கால் வந்தது. கழுத்து பாதி வந்தபோது பலகை முடிந்துவிட்டது. மெஷின் முடியவில்லை. அதே பக்தியோடு பக்கத்துப் பெட்டிப் பலகையில் ஏறி, கொண்டை, கண், அலகு என்று மிச்சத்தைச் செதுக்கத் தொடங்கியது. நிறுத்தும் சிவப்புப் பொத்தான் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. கூப்பிய கையைப் பிரிக்க எனக்குத் தோன்றவில்லை.

"ஏண்டி, தலை எங்க போறது?" என்றது போனில் ஒரு குரல். பிறகு மாமியார் மெதுவாக, "மாப்பிள்ளை, போனை வெச்சுடுங்கோ" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

செல்வி வந்து பார்த்தார். தலையில்லாத சேவலைப் பார்த்தார், மூலையைப் பார்த்தார். "இன்னா சார் இது? கண்ணுல பொட்டு வெச்சுக்கீற! வூட்லதான் கீறோம்னு நெனச்சு, நின்ன எடத்துலேர்ந்தே வேலைய ஆரம்பிச்சுட்சு!" ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்கும் கண்ணில் நீர்தான், சிரிப்பு வரவில்லை.

"அது மாமியார் கட்டில் பலகைங்க. வேற கெடயாது."

சிரிப்பு நின்றது. தலை இருந்த பெட்டிப் பலகையை அளவாக அறுத்துக் கழுத்தோடு பொருத்தினார். இடது பக்கம் வெறுமையாக நின்ற ஒரு சாண் தேக்கை வெட்டி, ஒட்டுக்குப் பின்னால் முட்டுக் கொடுத்தார். லேசாகத் தீயில் வாட்டி எண்ணெய் தடவினார். அரைமணி மெஷினைப் பார்த்து வியந்த நான், இப்போது அந்தக் கைகளைப் பார்த்துக் கும்பிட்டேன். ஒன்றை மட்டும் மாற்ற முடியவில்லை. தேக்கு உடம்பில் வெளுத்த தலை. கழுத்தில், நனையக்கூடாது என்று பார்சல் பெட்டியில் அச்சடிப்பார்களே, அந்தக் கறுப்புக் குடை.

அதை மாமியார் முன் வைத்தேன். சுற்றி நின்ற மாமிகள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வாலிலிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்தார். ஒட்டுக்கு வந்தார். குடைக்கு வந்தார். நான் வாசற்கதவைப் பார்த்துக்கொண்டேன்.

"அத்தனை வருஷம் இது பக்கத்துலயே தலை வெச்சுப் படுத்துண்டிருந்தேனே," என்றார். "உள்ள இப்படி ஒரு சேவல் இருந்திருக்கே!"

அவர் கண்கள் கலங்கியிருந்தன. அந்தக் கொடிதான் இன்றும் வண்டிக்கு முன்னால் போகிறது. என்னை மன்னித்துவிட்டார்கள் என்றே நினைத்திருந்தேன்.

போன மாதம் புதுக் கார் வாங்கி, கபாலி கோயில் வாசலில் பூஜைக்கு நிறுத்தினோம். நான் சந்தனக் கிண்ணத்தை எடுத்ததுதான் தாமதம், மாமியார் விடுவிடுவென்று காரின் பின்பக்கம் போனார். அங்கிருந்த கேமராவை உள்ளங்கையால் இறுக்கி மூடிக்கொண்டு நின்றார்.

"ம், இப்ப வைங்கோ மாப்பிள்ளை."