ஆளில்லாமல் ஓடிய தறி

நகரியில் தன் வீட்டுக் கூடத்தை ஒட்டிய சின்ன அறை இனிமேல் தனக்குத்தான் என்று தணிகைவேல் ஒரு நாள் காலையில் முடிவு செய்தான். முடிவு செய்வதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அந்த வீட்டில் அவனுடைய முடிவுகள் மத்தியானச் சாப்பாடு வரை தாங்குவதுதான் கொஞ்சம் சிரமம்.

அந்த அறைக்கு வேறொருத்தி முன்னாலேயே துண்டு போட்டு வைத்திருந்தாள். அவன் மனைவி தேவசேனா. தெருவில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைப்பவள். தையல் மிஷினோ கூடத்து மூலையில், டிவிக்கும் பீரோவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கிடந்தது. கறுப்பு நூலா கருநீல நூலா என்று பார்க்க வாசல்வரை போய்விட்டு வருவாள். அந்த அறையில் கிழக்குப் பார்த்த ஜன்னல் இருந்தது. வெளிச்சம் கொட்டும்.

தணிகைவேலுக்கு வெளிச்சம் வேண்டாம், கதவுதான் வேண்டும். பக்கத்துக் கொட்டகையில் இரண்டு பவர்லூம் தறி ஓட்டுகிறவன் அவன். தறியை நிறுத்தியதும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திருப்பதிப் பசங்களோடு சுடுகிற கேம் ஆட உட்கார்ந்துவிடுவான். சுடுவதில் சூரன் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் சுடப்படுவான். ஆனால் மேப்பைப் பற்றி, அதாவது சண்டை நடக்கிற களத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நூல் கடைக்காரர்கூடத் தப்ப முடியாது.

"துப்பாக்கிய யார் வேணா சுடலாம் தேவா. மேப்புதான் விஷயம்" என்பான், அவள் வெங்காயம் நறுக்கும்போது. "ஒரு எடத்துக்குப் போவ மூணு வழி இருக்கணும். எங்க ஒளிஞ்சாலும் அவன புடிக்க இன்னொரு வழி இருக்கணும். எல்லாரும் தாண்டியே ஆவணும்னு நடுவுல ஒரு எடம் வேணும். சத்தத்த வெச்சே எவன் எங்க கீறான்னு தெரியணும். ஒரு தபா ஆடுனா போதும், கண்ண மூடினாலும் நடக்கலாம். அதான் மேப்பு."

"கண்ண மூடிக்கினுதான் நான் தெனமும் நடக்கறேன்" என்பாள் அவள், வெங்காயக் கண்ணீரோடு.

திருப்பதியில் கேமிங் சென்டர் நடத்தும் ஹரிபாபு ஒரு அறிவிப்பு போட்டிருந்தான். யார் வேண்டுமானாலும் சொந்தமாக மேப் கட்டி அனுப்பலாம், நல்லதாக ஒன்றை எடுத்து அதிலேயே போட்டி வைப்போம் என்று. தணிகைவேல் தன் சொந்த வீட்டையே மேப்பாகக் கட்டிவிட்டான். அந்தத் தெம்பில்தான் அறையைக் கேட்டான்.

"நான் மேப் செய்யற ஆளு. தனி எடம் வேணும்."

"நான் ஜாக்கெட் தைக்கற ஆளு. எனக்கு வேணாமா?"

"தையல எங்க வேணா தைக்கலாம்."

"சுடறத மட்டும் ரூமுக்குள்ளதான் சுடணுமா?"

அவளே ஒரு வழியும் சொன்னாள். "ஒரு ஆட்டம் போடலாங்க. உங்க மேப்புலயே. யாரு ஜெயிக்கறாங்களோ அவங்களுக்கு ரூமு."

தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்கும்படி சிரித்தான் தணிகைவேல். "உனுக்கு மவுஸ எப்டிப் புடிக்கறதுன்னாவது தெரியுமா?"

"நீங்க சொல்லிக் குடுங்க. வேற யாராவது ஆடிப் பாத்தாதான் மேப்பு நல்லா கீதான்னு தெரியும்னு நீங்கதான சொன்னீங்க?"

சொல்லித்தான் இருந்தான். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது அவனுக்குப் புதிதில்லை. அன்று சாயங்காலமே அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தான். தேவசேனா வாசல்படி ஏறினாள், கூடத்தைச் சுற்றினாள். சோபா இருந்தது, ஃபிரிட்ஜ் இருந்தது, பீரோ மேல் அவனுடைய மாத்திரை அட்டைகூட இருந்தது. கொட்டகையில் இரண்டு தறியும் ஸ்விட்சோடு இருந்தன. போட்டால் நிஜச் சத்தத்தோடு ஓடின.

"அடுப்படி எங்கங்க?"

"அதோ."

"அது செவுருங்க. கதவு மாதிரி பெயிண்ட் அடிச்சி வெச்சிருக்கீங்க."

தணிகைவேல் திரையை உற்றுப் பார்த்தான். சுவர்தான். பிறந்ததிலிருந்து இருக்கிற வீடு. கொட்டகையில் எந்த ஓடு விரிசல் என்று சொல்வான். அடுப்படியிலிருந்து காபி வரும், தட்டு வரும், திட்டு வரும். அதற்குள்ளே என்ன இருக்கிறது என்று அவன் எட்டிப் பார்த்ததில்லை.

"கொல்லக் கதவு?"

"வெக்கல."

"தோய்க்கற கல்லு?"

"அதுவும் வெக்கல."

"அப்ப இந்த மேப்புல நான் எங்கங்க நிக்கறது?"

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். தணிகைவேலுக்குக் காது மடல் சுட்டது. அவள் சொல்லச் சொல்லக் கட்டினான். அடுப்படி வந்தது. அங்கிருந்து கொட்டகைக்குள் காபி நீட்டுகிற குட்டி ஜன்னல் வந்தது. கொல்லைக் கதவு, தோய்க்கிற கல், அதைச் சுற்றிக் கொட்டகையின் பின்வாசலுக்குப் போகிற சந்து எல்லாம் வந்தன. ஷெல்பில் எவர்சில்வர் டப்பாக்கள் வந்தன. எது என்ன என்று அவனுக்குத் தெரியாததால் ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதினான்.

"உப்பு டப்பாகூட வெக்கணுமா?"

"உங்க மாத்திர அட்டைய வெச்சீங்களே."

கட்டி முடித்துப் பார்த்தால், கொட்டகைக்கு மிகச் சரியாக மூன்று வழி. அவன் இத்தனை நாள் ஊரெல்லாம் பிரசங்கம் செய்த மேப் அதுதான். ஹரிபாபு பார்த்துவிட்டு ஸ்பீக்கர் போனில் குதித்தான். "அண்ணா, அந்தக் கிச்சன் கிட்டிகி இருக்குதே, ஜன்னலு, சூப்பர் அண்ணா. எப்டி அண்ணா தோணுச்சு?"

"எல்லாம் ஒரு யோசனதான் ஹரி" என்றான் தணிகைவேல்.

பின்னால் நூல் சுற்றிக்கொண்டிருந்த தேவசேனாவின் கை ஒரு நிமிஷம் நின்றது. பிறகு சுற்றியது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முகமில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். முதலில் ஐந்து தடவை சுடுகிறவருக்கு அறை. பக்கத்து வீட்டுச் செல்வியின் லேப்டாப்பை இரவல் வாங்கிக்கொண்டு தேவசேனா அடுப்படியிலேயே உட்கார்ந்தாள். தணிகைவேல் கூடத்தில். திருப்பதி சென்டரில் பெரிய திரையில் போட்டு, ஹரிபாபுவும் பசங்களும் வேடிக்கை பார்த்தார்கள். பாராட்டு கிடைக்கும் என்று தணிகைவேல்தான் அவர்களைக் கூப்பிட்டிருந்தான்.

மேப்பின் வாசலில் தணிகைவேல் பதுங்கிப் பதுங்கி நுழைந்தான். கொட்டகையில் தறி ஓட ஆரம்பித்தது. பார்த்தால், போட்டுவிட்டுப் போயிருக்கிறாள், பக்கத்தில் ஆளில்லை. ஆளில்லாமல் தறி ஓடினால் இழை அறுந்தது தெரியாமல் துணி பூராவும் பாழாகிவிடும். சின்ன வயசில் நைனாவிடம் முதுகில் வாங்கிக் கற்ற பாடம். தணிகைவேல் யோசிக்கவே இல்லை, நேராக ஓடி ஸ்விட்சை அணைத்தான். காபி ஜன்னல் வழியாக ஒரு குண்டு வந்தது.

"எந்துக்கண்ணா, எதுக்கு அங்க போனீங்க?" என்றான் ஹரிபாபு.

"தறி ஓடிக்கினு இருந்துச்சி."

"ஓடினா ஓடட்டும் அண்ணா. அதுல நூலே இல்லியே."

அடுத்த தடவை போகக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சோபா பின்னால் உட்கார்ந்தான். தறி அடிக்கிற சத்தத்தில் அவள் காலடி கேட்கவில்லை. கொல்லை வழியாகத் தோய்க்கிற கல்லைச் சுற்றி வந்து முதுகில் சுட்டாள். சரி, சத்தம்தான் பிரச்சினை, சத்தத்தை அணைப்பதுதான் தந்திரம் என்று தனக்கே நியாயம் சொல்லிக்கொண்டு மறுபடி ஸ்விட்சுக்குப் போனான். ஜன்னல் காத்திருந்தது. அதற்கடுத்த தடவை இரண்டு தறியும் ஓடின. அவன் செத்த விதத்தைச் சொல்லாமல் விடுவதே அவனுக்குச் செய்கிற மரியாதை.

கடைசி ஆட்டத்தில் அவனுக்கு வேறொரு சந்தேகம் வந்துவிட்டது. ஓடுவது கேமில் இருக்கிற தறியா, கொட்டகையில் இருக்கிற தறியா? ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்துபோய் நிஜக் கொட்டகையை எட்டிப் பார்த்தான். இரண்டு தறியும் அமைதியாக நின்றன. திரும்பி வந்தபோது கூடத்தின் நடுவில் அவன் செத்துக் கிடந்தான்.

திருப்பதியில் சிரித்த சிரிப்பு நகரியில் ஸ்பீக்கரைப் பிளந்தது. "வதினா" என்று ஹரிபாபு அண்ணியைக் கூப்பிட்டான். "அந்த ஜன்னலு உங்க ஐடியாதானே?"

தேவசேனா கொஞ்சம் தயங்கினாள். "எடம் நான் சொன்னேன் தம்பி. கட்டுனது அவருதான்."

தணிகைவேலை வெட்கம் பிடுங்கித் தின்றது. தோற்றது ஒரு பக்கம். அவள் பங்கை வாயே கூசாமல் முழுங்கியவனுக்கு, நாலு பேர் கேட்க அவள் பங்கு கொடுத்துவிட்டாளே. தலையைக் குனிந்துகொண்டு, தையல் மிஷினை அவனே தூக்கிப்போய் அந்தச் சின்ன அறையின் ஜன்னலோரம் வைத்தான்.

மேப் தேர்வாகிவிட்டது. போட்டிக்கு ஹரிபாபு டீமில் ஆட ஒரு நகரி ஆள் வேண்டுமென்று கூப்பிட்டார்கள். தணிகைவேல் சட்டையை இஸ்திரி போட்டான். அவர்கள் கூப்பிட்டது வதினாவை. அந்தச் சட்டையையே போட்டுக்கொண்டு போய் அவளைப் புத்தூர் வழியாகத் திருப்பதி போகிற பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தான்.

"சோறு கீது, பொரியல் கீது" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். "ரசம் மட்டும் வெச்சித் துன்னுங்க."

அவள் எடுத்து வைத்துவிட்டுப் போன புளியைக் கரைத்து, அடுப்பில் ஏற்றி, உப்புக்குத் திரும்பினான். ஷெல்பில் எவர்சில்வர் டப்பாக்கள் வரிசையாக நின்றன. எல்லாம் ஒரே அச்சு, ஒன்றின் மேலும் பெயர் இல்லை. திறந்தால் ரவை, அடுத்ததில் சர்க்கரை, அதற்கடுத்ததில் கோலமாவு. போன் போட்டுக் கேட்கலாம். சென்டர் முழுக்கக் கேட்கும். செத்தாலும் கேட்பதில்லை என்று நின்றான்.

அப்போதுதான் அந்த அருமையான யோசனை வந்தது. கூடத்துக்கு ஓடிக் கம்ப்யூட்டரைப் போட்டு, மேப்புக்குள் நுழைந்து, கொல்லைக் கதவு வழியாக அடுப்படிக்குப் போனான். பெயர் எழுதிய டப்பாக்கள் பளிச்சென்று இருந்தன. ரவை, சர்க்கரை, புளி. குனிந்து படித்துக்கொண்டிருந்தவனைப் பின்னாலிருந்து யாரோ சுட்டார்கள்.

போட்டிக்காகச் சென்டரிலும் அதே மேப்பில்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஹெட்போனில் தேவசேனாவின் குரல் கேட்டது. சுற்றிலும் பசங்கள் சிரிப்பதும் கேட்டது.

"உப்பு ரெண்டாவது தட்டுல, புளி டப்பாவுக்குப் பின்னாலங்க. மொதல்ல போயி அடுப்ப அணைங்க, ஆளில்லாம ரசம் பொங்கிக்கினு இருக்கும்."