தாமசின் அம்மாளின் அண்டாவும் நான்கு யோக்கியர்களும்

உலகத்தில் யோக்கியம் எங்கே விளைகிறது என்று யாராவது கேட்டால், சஃபோக் சீமையில் வெல்போர் என்கிற எங்கள் ஊரைத் தயங்காமல் கைகாட்டலாம். ராஜாவும் மந்திரிகளும் லண்டனில் இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் நான்கு பேர் முறையாகப் புறப்பட்டுப் போய், செத்தவருடைய சட்டி பானை முதல் சட்டை துணி வரை பார்வையிட்டு, இன்னது இன்ன தரம் என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுப்பதை எங்கள் அளவுக்குப் பக்தியோடு செய்கிறவர்கள் கிடையாது. அந்த நால்வரைச் சட்டமே 'யோக்கியர்கள்' என்றுதான் குறிப்பிடுகிறது. நாங்களாக வைத்துக்கொண்ட பெயர் அல்ல.

நால்வரில் நான் ஒருவன். ஜெர்வாஸ் டிபட், மெழுகுவத்தி வியாபாரி, கோவில் தர்மகர்த்தா. பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவன் என்பதால் எழுதுவதும் நானே. இன்னொருவர் மாவரைக்கும் லாம்பர்ட். மற்ற இருவரும் அதிகம் பேச மாட்டார்கள். லாம்பர்ட் தலையாட்டினால் தாங்களும் ஆட்டுவார்கள். யோக்கியம் பெரும்பாலும் அப்படித்தான் பரவுகிறது.

தோல் பதனிடுகிறவரின் விதவை தாமசின் அம்மாள் அந்தக் குளிர்காலத்தில் படுத்த படுக்கையானார். பிள்ளை இல்லை. நார்விச்சில் துணிக்கடை வைத்திருந்த தம்பி மகன் கிறிஸ்பின் வந்து சேர்ந்தான். அத்தை மேல் அவனுக்கு உயிர். கடையை நெடுநாள் பூட்டிவைக்க முடியாதாகையால், அத்தையின் சாமான்களை இப்போதே மதிப்பிட்டுவிட்டால் என்ன என்று கேட்டான். ஆள் இன்னும் சாகவில்லையே என்று நான் தயங்கினேன். சாவு வரும்வரை காத்திருப்பது சோம்பேறித்தனம் என்று லாம்பர்ட் விளக்கினார். மதிப்பு குறைந்தால், செத்தவர் சொத்துக்குத் திருச்சபை நீதிமன்றம் வாங்கும் கட்டணமும் குறையும் என்று கிறிஸ்பின் நினைவூட்டினான். எங்கள் சிரமத்துக்கு ஆளுக்கொரு சாமான் தருவதாகவும் சொன்னான். லாம்பர்டுக்கு அண்டா, எனக்கு இறகு மெத்தை. இதில் லஞ்சம் எதுவும் இல்லை. அன்பளிப்பு என்று அவனே இரண்டு தடவை சொன்னான்.

கிறிஸ்பினோடு நாங்கள் போனபோது தாமசின் அம்மாள் கண்மூடிக் கிடந்தார். வேலைக்காரி அர்சுலா அடுப்பில் பார்லிக் கஞ்சி கிளறிக்கொண்டிருந்தாள். அந்தக் குளிர்காலம் முழுக்க எசமானியைத் தூக்கி, திருப்பி, துடைத்துவிட்டவள் அவள்தான். எசமானி போய்விட்டால் அவளுக்குத் தெருதான். தெருவில் நிற்கிற பெண்ணைச் சவுக்கால் அடித்து அடுத்த ஊருக்கு அனுப்பும் தர்மமும் எங்கள் பொறுப்பில்தான் இருக்கிறது.

லாம்பர்ட் பித்தளை அண்டாவை ஒரு தட்டுத் தட்டினார். கோவில் மணி மாதிரி கேட்டது.

"விரிசல். எழுதிக்கப்பா" என்றார்.

"எங்கய்யா விரிசல்?" என்று அர்சுலா கேட்டாள்.

"இன்னும் விடலை. ஆனா என்னைக்காவது ஒருநாள் விட்டுத்தானே ஆகணும்? அதை முன்கூட்டியே பாக்கறதுக்குத்தான் எங்களைக் கூப்பிடறாங்க."

எழுதினேன். ஈயத் தட்டுகள் கோணல். செதுக்கு வேலை செய்த பெட்டி, செல்லரித்தது. சினைப்பசு, கிழம். மெத்தையின் மேல் ஆள் இருந்ததால் லாம்பர்ட் கால்மாட்டில் மட்டும் அழுத்திப் பார்த்தார். கை முழங்கை வரை உள்ளே போயிற்று.

"உமி" என்றார்.

அப்போதுதான் தாமசின் அம்மாள் கண்ணைத் திறந்தார். தான் தூங்கவே இல்லை என்றார். எழுதியதை உரக்க வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். என் குரல் கொஞ்சம் கம்மியது. அறையில் புகை அதிகம்.

"சத்தியமா இதுதானா ஜெர்வாஸ்?"

"சத்தியமாங்கம்மா."

"அப்ப நாலு பேரும் கையெழுத்துப் போடுங்க. நான் உசிரோட இருக்கறப்பவே பாத்துட்டுப் போறேன்."

யோக்கியர்கள் தாங்கள் சொன்னதிலேயே கையெழுத்துப் போட மறுக்க முடியுமா? போட்டோம். உடனே பாதிரியாரைக் கூட்டிவரச் சொல்லி உயில் எழுதவைத்தார். எங்களையும் இருக்கச் சொன்னார்.

"என் தம்பி மகன் பெரிய மனுஷன்" என்று ஆரம்பித்தார். "இந்த ஓட்டை உடைசலைக் குடுத்து அவனை அவமானப்படுத்த எனக்கு மனசு வரலை. இந்தக் காயிதத்துல இருக்கற குப்பை மொத்தமும் அர்சுலாவுக்கு. கிறிஸ்பினுக்கு இந்த நாலு பேரோட சிநேகிதம். இந்த வீட்டுல அதுக்கு மட்டும்தான் யாரும் இன்னும் விலை வைக்கலை."

கிறிஸ்பின் எங்களைப் பார்த்தான். நாங்கள் பசுவைப் பார்க்க வெளியே போனோம்.

ஈஸ்டர் கழிந்து தாமசின் அம்மாள் காலமானார். அர்சுலாவின் கையைப் பிடித்தபடியே போனதாகச் சொன்னார்கள். கிறிஸ்பின் வழக்குப் போட்டான். அத்தைக்குப் புத்தி பேதலித்துவிட்டது, அருமையான சாமான்களைக் குப்பை என்று நம்பி ஒரு வேலைக்காரிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார் என்பது அவன் வாதம். நீதிபதி எங்களை அழைத்தார். அண்டாவில் விரிசல் உண்டா இல்லையா என்று வேதபுத்தகத்தில் கைவைத்துச் சொல்லச் சொன்னார். இல்லை என்று சொன்னால், பொய்க் கையெழுத்துக்காக ஊர் பார்க்கக் கழுத்தையும் கையையும் பூட்டிக்கொண்டு தண்டமரத்தில் நிற்க வேண்டும்.

உண்டு என்றோம். நால்வரும் ஒரே குரலில், கண்கலங்கச் சொன்னோம். விரிசல் விட்ட அண்டாவைக் கொடுக்கப் புத்தி பேதலிக்க வேண்டியதில்லை என்று சொல்லி, உயில் செல்லும் என்றார் நீதிபதி.

அர்சுலா குடிசை ஒன்றை வாடகைக்கு எடுத்து அந்த அண்டாவில் பீர் காய்ச்சி விற்றாள். இறகு மெத்தையில் தூங்கினாள். பசுவும் கன்று போட்டது. ஒரு வேலைக்காரி நிமிர்ந்து நடப்பதைப் பார்த்து ஊரே சந்தோஷப்பட்டது. நாங்களும் பட முயன்றோம்.

மறு வருஷம் ஏழை வரி போடும் காலம் வந்தது. வசதியுள்ளவர்களிடம் வாங்கி, இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற புண்ணிய வரி. யார் வசதியுள்ளவர் என்று வீடு வீடாகப் பார்த்துச் சொல்ல ஊருக்கு நான்கு யோக்கியர்கள் தேவைப்பட்டார்கள். போனோம்.

அர்சுலாவின் குடிசையில் லாம்பர்ட் அண்டாவைத் தட்டினார். "அடடா, ஒரு கீறல் இல்லை" என்றார்.

"போன வருஷம் விரிசல்னு பைபிள்ல கைவெச்சீங்களேய்யா?" என்றாள் அர்சுலா.

"அது செத்தவங்களுக்காகப் பாத்ததும்மா. இது ஏழைங்களுக்காகப் பாக்கறது. ஏழைங்க விஷயத்துல கண்ணை நல்லாத் திறந்துட்டுப் பாக்கணும்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் எழுதிக்கொண்டிருந்தேன். இறகு மெத்தை, உயர்ரகம். பசு, இளசு. அர்சுலாவைப்போல் வசதியுள்ளவர் ஊரில் இன்னொருவர் இல்லை என்று ஒருமனதாகத் தீர்மானித்து வரி விதித்தோம். முணுமுணுக்காமல் கொண்டுவந்து கட்டினாள்.

பிறகு, பாரபட்சம் என்ற பேச்சுக்கே இடம் கொடுக்கக் கூடாது என்று, எங்கள் நால்வர் வீடுகளையும் நாங்களே முறைப்படி சோதனை போட்டோம். அந்தோ, நான்கும் பரம ஏழை வீடுகள். அர்சுலா கட்டிய வரியை, ஒரு செப்புக்காசுகூடச் சிந்தாமல், அந்த நான்கு ஏழைகளுக்கும் சமமாகப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டோம்.